தொட்டியைக் கழுவக் கழுவப் பாசி ஏன் கூடுகிறது?

கேள்வி: திருகோணமலை, உப்புவெளியில் வீடு. இரண்டடி மீன்தொட்டி வாங்கி மூன்று மாதம். கப்பி பன்னிரண்டு, மொலி நான்கு, ஏஞ்சல் இரண்டு, டாங்க் கிளீனர் என்ற மீன் ஒன்று, கொஞ்சம் செடி. கண்ணாடி பச்சை, தண்ணீரும் பச்சை. இரண்டு தரம் முழுத் தண்ணீரையும் இறைத்து, கல்லை வெந்நீரில் அலசி, பில்டரைப் பைப்பில் பிழிந்து கழுவி வைத்தேன். ஒரு கிழமையில் முன்னையைவிட மோசமாகிவிட்டது. கடையில் தந்த பாசி மருந்தை ஊற்றினேன். மறுநாள் விடிய இறால் ஆறும் செத்துக் கிடந்தன. வேறு எந்த மருந்து நல்லது?

தம்பி, எந்த மருந்தும் வேண்டாம். நீங்கள் ஊற்றிய போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் செப்பு என்று இருக்கும். பாசி மருந்துகள் பலவற்றில் அதுதான் சரக்கு. மீன் தாங்கும் அளவுச் செப்பை இறாலும் நத்தையும் தாங்காது. மருந்து வேலை செய்தாலும் செத்த பாசி எங்கே போகும்? தொட்டிக்குள்ளேயே அழுகி, அடுத்த பாசிக்கு உரமாகும்.

உங்கள் கேள்வியில் பாசியைவிட எனக்குக் கவலை தந்தது அந்த இரண்டு கழுவல்தான். பில்டர் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா குடியிருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுவது அதன் வேலை. புதுத் தொட்டியில் அது ஊன்றுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். நீங்கள் வெந்நீரும் குளோரீன் தண்ணீரும் விட்டு அதை இரண்டு தரம் அழித்துவிட்டீர்கள். மூன்று மாதத் தொட்டி என்று சொல்கிறீர்கள். உண்மையில் உங்களிடம் இருப்பது மூன்றாவது தரமாகத் தொடங்கிய புதுத் தொட்டி. அமோனியா மிதக்கும் புதுத் தண்ணீரில், வேர் பிடிக்காத செடிகளுக்கு நடுவே, பாசியின் வித்து விழுந்தால் சும்மா இருக்குமா? கழுவக் கழுவக் கூடியதற்கு அதுதான் காரணம்.

இனி ஸ்பொஞ்சை அலசுவதென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் விட்டு, அதற்குள் இரண்டு பிழி பிழிந்தால் போதும். மாதம் ஒருதரம். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

சரி, யன்னலுக்கு வருவோம். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஆனால் கேட்காமல் விடமாட்டேன். தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது? உப்புவெளியில் கிழக்கே கடல். ஆறு மணிக்கெல்லாம் வெயில் நேராக வீட்டுக்குள் வந்துவிடும், மறிக்க ஒரு மலையும் இல்லை. என் முதல் தொட்டியைக் கிழக்கு யன்னலோரம்தான் வைத்திருந்தேன். காலையில் மீன்களின் செதில் மின்னுவதைத் தேத்தண்ணீரோடு பார்க்கலாம் என்ற ஆசை. யன்னல் பக்கக் கண்ணாடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு ஒன்று வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. நான்கு மாதம் கழித்து ஒருநாள் அதை நகத்தால் கிளப்பினேன். கண்ணாடி முழுவதும் உட்பக்கம் கம்பளி விரித்த மாதிரிப் பச்சை. சீட்டு இருந்த இடம் மட்டும், அதே நீள அகலத்தில், மூலை மடிந்திருந்த வளைவு உட்பட, துடைத்து வைத்ததுபோலத் தெளிவாக இருந்தது. ஒரே தண்ணீர், ஒரே மீன், ஒரே தீன். வித்தியாசம் ஒரு துண்டுக் கடதாசியின் நிழல். அன்றைக்கே தொட்டியை உள்சுவருக்கு மாற்றினேன்.

மாற்ற வசதியில்லை என்றால் யன்னல் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்புக் காட்போர்ட் மட்டையை ஒட்டிவிடுங்கள். அழகாக இராது, ஆனால் நூறு போத்தல் மருந்துக்குச் சமம். தொட்டி லைட்டை நாளுக்கு ஆறு மணித்தியாலம் போடுங்கள். செடி நன்றாகப் பிடித்த பிறகு எட்டு வரை போகலாம். மீனுக்கு லைட் தேவையே இல்லை, அது செடிக்கும் நாம் பார்ப்பதற்கும்தான். ஆகவே நீங்கள் வேலையால் வந்து உட்காரும் நேரத்துக்கு, பின்னேரம் நான்கிலிருந்து பத்து வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கில் மாட்டும் டைமர் ஒன்று வாங்குங்கள். கையால் போட்டு நிறுத்துகிறேன் என்று சொன்ன எல்லோருடைய லைட்டும் இரவு பன்னிரண்டுக்கும் எரிந்துகொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன், என்னுடையது உட்பட.

அடுத்தது உங்களிடம் இருப்பது எந்தப் பாசி என்று பார்க்க வேண்டும். தமிழில் நாம் எல்லாவற்றையும் பாசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வேலம்பாசி செடி, பாசியே அல்ல. கிணற்றுப் படியில் வழுக்குவது வேறு. கிண்ணியாவில் நோன்பு திறக்க வெட்டி வைக்கும் கடற்பாசி இன்னும் வேறு. தொட்டியிலும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு, வைத்தியம் வேறு.

தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிளாசில் மொண்டு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் பச்சை கண்ணாடியில் மட்டும்தான். இளநீர்க் கோம்பையின் நிறம் தட்டினால் தண்ணீரிலேயே மிதக்கும் நுண்பாசி. இது ஸ்பொஞ்சின் துளையைவிடச் சின்னது, பில்டரில் சிக்காது. பாதித் தண்ணீர் மாற்றினால் பாதிப் பாசி போகும். மிஞ்சிய பாதி இரண்டொரு நாளில் பெருகிப் பழைய கணக்குக்கு வந்துவிடும். முழுவதும் இறைத்தாலும் எங்காவது ஒட்டியது கொஞ்சம் மிஞ்சும், அதனால்தான் நீங்கள் இறைத்து இறைத்துத் தோற்றீர்கள்.

இதற்கு இருட்டடிப்புத்தான் நல்ல வழி, காசும் செலவில்லை. முதல் நாள் கண்ணாடியைத் தேய்த்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பிறகு தடித்த போர்வையால் தொட்டியை மேலும் கீழும் சுற்றிலும் மூடிவிடுங்கள். ஒரு கோடு வெளிச்சமும் நுழையக் கூடாது. மூன்று முழு நாள், விடாப்பிடியான பச்சைக்கு நான்கு. இடையில் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம், தீனும் வேண்டாம். வளர்ந்த கப்பியும் மொலியும் மூன்று நாள் பட்டினி தாங்கும். செடி கொஞ்சம் வெளிறும், ஆனால் அதற்குக் கிழங்கிலும் தண்டிலும் சேமிப்பு இருக்கிறது. மிதக்கும் பாசிக்கு அது இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். காற்று பம் மூன்று நாளும் ஓடவேண்டும். இருட்டில் பாசி ஒட்சிசன் உண்டாக்காது, தான் குடிக்கும். செத்தபின் அழுகும்போது இன்னும் குடிக்கும். நம்மூரில் இது விளையாட்டுக் காரியமல்ல. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் பகல் வெப்பம் 35 பாகை வரை போகிறது, தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டி நிற்கிறது. 25 பாகைத் தண்ணீர் லீட்டருக்கு 8 மில்லி கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக ஒட்சிசன் பிடிக்கும்; 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தைத்தான் மீனும் பாசியும் பற்றீரியாவும் பங்கு போடுகின்றன. கச்சானில் இருட்டடிப்புச் செய்தே ஆகவேண்டும் என்றால் பற்றரியில் ஓடும் பம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்கூடக் கரண்ட் நின்றதே, அப்போது பெரிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதை வளர்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில் என் கண்ணாடியில் பாசி ஒரு பொட்டுக்கூட இல்லை.

நான்காம் நாள் போர்வையை எடுத்ததும் தண்ணீர் தெளிந்தோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். உடனே பாதித் தண்ணீர் மாற்றுங்கள். செத்த பாசியை வெளியே எடுக்காவிட்டால் செய்த வேலை வீண்.

மற்றப் பாசிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடியிலும் இலையிலும் விரலால் தொட்டால் போகும் மண்ணிறப் பூச்சு புதுத் தொட்டிக்கே உரியது, சிலிக்கா உள்ள தண்ணீரில் கூடுதலாக வரும். துடைத்துக்கொண்டிருங்கள், சில கிழமைகளில் தானே போய்விடும். கண்ணாடியில் ஊசிமுனைப் பச்சைப் புள்ளியாக, நகத்தால் சுரண்டினாலும் போகாமல் இருப்பது கூடுதல் லைட்டின் அடையாளம். பழைய வங்கி அட்டையோ சவர பிளேட்டோ கொண்டு தண்ணீருக்குள்ளேயே சுரண்டுங்கள். கண்ணாடியென்றால் மட்டும் பிளேட், பிளாஸ்டிக் தொட்டி கீறிப்போகும். மூலையில் ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பக்கம் பிளேட்டைக் கொண்டு போகவே வேண்டாம். நூல் நூலாகச் செடியில் சுற்றுவதைப் பழைய டூத் பிரஷில் நூடில்ஸைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி இழுத்தால் கொத்தாக வந்துவிடும்.

நீலப்பச்சையில், ஆடைபோல வழுவழுவென்று கல்லை மூடி, கிட்டப் போனால் சேற்று நாற்றம் அடிப்பது பாசியே அல்ல, ஒருவகைப் பற்றீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில், அழுக்குத் தங்கிய இடத்தில் வரும். குழாயால் உறிஞ்சி எடுத்து, ஓட்டத்தைக் கூட்டி, மேலே சொன்ன இருட்டடிப்பைச் செய்யுங்கள். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பில்டர் பற்றீரியாவையும் விட்டு வைக்கும் என்று நம்ப முடியாது. செய்ய வேண்டாம்.

கறுப்புத் தாடிப் பாசிக்கு மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதுதான் பிடிவாதக்காரன். இலை ஓரத்திலும் பில்டர் வாயிலும் கட்டையிலும் கறுத்த முடிக் குஞ்சமாக நிற்கும். கையால் இழுத்தால் இலை கிழியும், தாடி கிழியாது. ஒரு குஞ்சத்தை வெட்டி அற்ககோலில் போட்டுப் பாருங்கள்: கறுப்பு இறங்கிச் செம்மை தெரியும். பெயர் கறுப்பானாலும் சாதி செம்பாசி, நோன்புக் கடற்பாசிக்கு ஒன்றுவிட்ட உறவு. அதை நிற்கும் இடத்திலேயே அடிக்க, பாமசியில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட் போதும். 3 சதவீதமானதுதான் தேவை. 6 சதவீதமென்றால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பில்டரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றபின், ஊசியில்லாத சிரிஞ்சால் குஞ்சத்துக்குப் பக்கத்தில் மெதுவாக விடுங்கள். உங்கள் தொட்டிக்கு ஒரு தரத்துக்கு 10 முதல் 15 மில்லி லீட்டருக்கு மேல் போக வேண்டாம். சின்னச் சின்னக் குமிழி கிளம்பும். பத்து நிமிடம் விட்டுப் பில்டரைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் தாடி இளஞ்சிவப்பாகி வெளுக்கும். வெளுத்ததை மொலியும் இறாலும் கொத்தித் தின்னும்.

இனித் தீன். வீட்டில் எத்தனை பேர் போடுகிறீர்கள்? எங்கள் வீட்டில் காலையில் நான், மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்த மகன், பின்னேரம் விளக்கேற்றிவிட்டு மாமி. மூவரும் தலா ஒருதரம்தான், மூவருக்கும் மற்ற இருவர் போட்டது தெரியாது. கப்பி எப்போதும் பசித்த முகத்தோடு கண்ணாடிக்கு ஓடி வரும், அதை நம்பினால் ஒரு டின் தீனும் போதாது. கடைசியில் மூடியில் நாட்களை எழுதி, போட்டவர் கோடு கீறவேண்டும் என்று வைத்தோம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதுதான் அளவு, நாளுக்கு ஒருதரம், கிழமைக்கு ஒருநாள் விரதம். கீழே போய்ச் சேரும் ஒவ்வொரு துணுக்கும் நைத்திரேற்றும் பொசுபேற்றுமாகப் பாசிக்குத்தான் போகிறது.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். கிழமைக்கு நான்கில் ஒரு பங்கு மாற்றுங்கள். உங்கள் இரண்டடித் தொட்டி ஓரடி உயரமும் ஓரடி அகலமும் என்றால், கல் போக 50 லீட்டர் அளவு நிற்கும், ஆகவே ஒரு பெரிய வாளி. பைப் தண்ணீரென்றால் ஒருநாள் திறந்த வாளியில் வைத்துக் குளோரீனைப் போகவிடலாம். வைத்ததை மறந்துவிடாதீர்கள், 2017இல் கிண்ணியாவில் டெங்கு ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, நுளம்பு முட்டையிட்ட வாளியைக் கண்டால் சுகாதாரப் பரிசோதகர் நம்மைச் சும்மா விடமாட்டார். கிணற்றுத் தண்ணீரென்றால் குளோரீன் கவலை இல்லை, வேறு கவலை உண்டு. நிலாவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய மணற் காணிக் கிணறுகளிலும், மலசலகூடக் குழிக்குக் கிட்ட இருக்கும் கிணறுகளிலும் நைத்திரேற்று இறங்கியிருக்க இடமுண்டு. அந்தத் தண்ணீரை எவ்வளவு மாற்றினாலும் பாசிக்கு உரம் ஊற்றியதாகவே முடியும். மீன் கடையில் விற்கும் சோதனைக் கீற்றை முதலில் தொட்டியில் அல்ல, கிணற்று வாளியில் நனைத்துப் பாருங்கள். லீட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் காட்டினால் மழைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலப்பது நல்லது. மாரியில் அதற்குப் பஞ்சமில்லை.

கடற்கரையில் பொறுக்கிய சங்கு, சிப்பி, முருகைக்கல் ஏதும் தொட்டிக்குள் கிடக்கிறதா? நம்மூர்த் தொட்டிகளில் அது இல்லாமல் இராது. எல்லாம் சுண்ணாம்பு. மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், காரத்தன்மையைக் கூட்டும். மொலிக்கு அது பிடிக்கும். ஆனால் செடிக்குக் கிடைக்க வேண்டிய காபனீரொட்சைட்டு குறைந்துபோகும், செடி சோர்ந்தால் அந்த இடம் பாசிக்கு. எடுத்து விறாந்தையில் பூச்சாடியைச் சுற்றி அடுக்கிவிடுங்கள்.

செடி என்றால் வேகமாக வளர்வதாக வேண்டும். வேலம்பாசி ஒரு பிடி போட்டால் மூன்று கிழமையில் தொட்டியை நிரப்பிவிடும், அது குடிக்கும் உரம் பாசிக்குக் கிடைக்காது. அழகுக்கு வேண்டுமென்றால் கிரிப்டோகொரைன் நடுங்கள். அதில் பல வகை இலங்கைக்கே உரியவை, உலகமெல்லாம் தொட்டிகளில் வளர்கின்றன. நட்ட முதல் கிழமைகளில் இலையெல்லாம் கரைந்து விழும், செத்துவிட்டதென்று பிடுங்க வேண்டாம். வேரிலிருந்து திரும்ப வரும். குளத்திலிருந்து ஆற்றுவாழையும் சல்வீனியாவும் அள்ளிவந்து போடுவது வேண்டாத வேலை. ஆற்றுவாழைக்கு எதிராக இந்த நாட்டில் 1909இலேயே சட்டம் வந்துவிட்டது.

பாசி தின்னும் பிராணிகளைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள், அவை உதவியாட்கள்தான். செப்பு போனபின், அதாவது பல தண்ணீர் மாற்றம் கழித்து, நெரைட் நத்தை மூன்று விடலாம். நன்னீரில் அதன் குஞ்சு பிழைக்காது, ஆகவே பெருகாது. ஆனால் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு முட்டை வைத்து உங்கள் பொறுமையைச் சோதிக்கும். உங்களிடம் இருக்கும் டாங்க் கிளீனர் பெயருக்குத்தான் கிளீனர். குட்டியில் கொஞ்சம் பாசி நக்கும். வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும், தின்பதைவிடக் கழிப்பது அதிகம். இரண்டு ஏஞ்சலும் அதுவும் சேர்ந்து 50 லீட்டருக்கு மிகப் பாரம், அந்தப் பாரமும் உங்கள் பச்சையில் இருக்கிறது. பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். கந்தளாய்க் குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த மீன் இலங்கையின் சில நீர்த்தேக்கங்களில் ஏற்கெனவே பரவி வலையில் ஏறுகிறது, அதை வாங்க ஆளில்லை.

இந்தக் கிழமை மட்டையை ஒட்டி, டைமரை மாட்டி, இருட்டடிப்பைத் தொடங்குங்கள். கிழமைத் தண்ணீர் மாற்றம் தவிர, ஒரு மாதத்துக்கு வேறொன்றிலும் கை வைக்க வேண்டாம். முன்கண்ணாடியை மட்டும் கிழமைக்கு ஒருதரம் துடையுங்கள். பின்கண்ணாடியில் மெல்லிய பச்சை படர்ந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஏஞ்சலைக் கொடுத்த பிறகு உங்கள் கப்பிக் குஞ்சுகள் பிழைக்கத் தொடங்கும்; பகல் முழுக்க அந்தப் பச்சையில்தான் கொத்திக்கொண்டு நிற்கும்.